பெயர் வைப்பதா, சூட்டுவதா, கட்டுவதா? பெயர், பட்டம், விருதுச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பிதழ், பாராட்டு மடல், விழா மலர் என்று எதையாவது மெய்ப்புப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. சந்தேகம் கேட்டு யாராவது வராத வாரம் இல்லை. வருகிற சந்தேகமும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: இந்த இடத்தில் எந்த வினைச்சொல்லைப் போடுவது? தமிழில் பெயரையும் பட்டத்தையும் வெறுமனே கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஒன்றை வைக்கிறோம், ஒன்றைச் சூட்டுகிறோம், ஒன்றைக் கட்டுகிறோம், ஒன்றைக் குத்துகிறோம். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கை வேலை ஒளிந்திருக்கிறது. அது என்ன வேலை என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பெயர் வைத்தல், பெயரிடுதல், பெயர் சூட்டுதல் மூன்றும் ஒன்றுதானே?

பொருள் ஒன்று. இடம் வேறு. வீட்டில் பேசும்போது 'குழந்தைக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?' என்றுதான் கேட்போம். 'என்ன பெயர் சூட்டியுள்ளீர்கள்?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஒலிபெருக்கி எங்கே என்று தேடுவார். எழுத்தில் சாதாரணமாகச் சொல்ல 'பெயரிட்டனர்' போதும். விழா, மேடை, கூட்டம் என்று வந்துவிட்டால் 'சூட்டினர்'. நூலகத்துக்கு, அரங்கத்துக்கு, பாலத்துக்கு ஒருவர் பெயரை வைக்கும்போதும் 'சூட்டினர்' பொருந்தும், அங்கே பெயருக்குரியவரையும் சேர்த்துச் சிறப்பிக்கிறோம். நாய்க்குட்டிக்குப் பெயர் சூட்டினேன் என்று எழுதினால் வேடிக்கைக்காக எழுதியதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். புயலுக்கும் அப்படித்தான், வைத்தால் போதும்.

இந்த மூன்றில் மிகப் பழைய தடம் 'இடு'வுக்கு உண்டு. காரணம் தெரியாமல் மரபாக வரும் பெயரை இலக்கணம் 'இடுகுறிப்பெயர்' என்கிறது. ஒரு பொருளின்மேல் இட்டுவைத்த குறி. இன்னொரு பழைய வினையும் இருந்தது, இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவியின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் காட்சி அடைக்கலக் காதையில் வருகிறது. மூத்த கணிகையர் 'நாம நல்லுரை நாட்டுதும்' என்கிறார்கள். பெயரை நாட்டுவோம், அதாவது கம்பம் நடுவதுபோல ஊன்றுவோம் என்று. கோவலன் பதில் சொல்லும்போது 'எங்குல தெய்வப் பெயர் ஈங்கு இடுக' என்கிறான். உடனே ஆயிரம் கணிகையர் 'மணிமேகலை' என்று வாழ்த்துகிறார்கள். நாட்டு, இடு, வாழ்த்து. ஒரே காட்சி, ஒரே பெயர், மூன்று வினை. 'சூட்டு' அங்கே இல்லை.

'சூட்டு' என்றால் என்ன?

'சூடு' என்ற வினையின் பிறவினை. பூவைத் தானே தலையில் வைத்துக்கொண்டால் சூடினாள், இன்னொருவருக்கு வைத்துவிட்டால் சூட்டினாள். தலையில் ஏறுகிற பொருளுக்கெல்லாம் இந்த வினை சொந்தம்: பூ, முடி, வாகை. பெயர் சூட்டுகிறோம் என்னும்போது பெயரைப் பூவாக நினைத்து ஒருவர் தலையில் வைக்கிறோம்.

இதை மறந்தால்தான் 'விருது சூட்டும் விழா' என்ற அழைப்பிதழ் வரும். எனக்கு ஒருமுறை அப்படி ஒன்று வந்தது. விருது என்று அவர்கள் கொடுக்கப்போவது கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஒரு கனத்த உலோகத் தட்டு. அதை யார் தலையில் சூட்டுவது? 'வழங்கும்' என்று மாற்றிக் கொடுத்தேன். பட்டமும் வழங்குகிறோமே என்று திரும்பக் கேட்டார்கள். சரி, அப்படியானால் 'பட்டம் சூட்டி விருது வழங்கும் விழா' என்று போடுங்கள் என்றேன். அதற்கு இடம் போதவில்லையாம்.

பட்டம் என்ற சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

படிப்பு முடித்தால் பட்டம், காற்றில் விட்டால் பட்டம், விதைக்கிற பருவமும் பட்டம். நமக்கு வேண்டியது நெற்றியில் கட்டுகிற பட்டம். அரசனாக்கும்போதும் ஒருவரைச் சிறப்பிக்கும்போதும் நெற்றியில் பொன்தகடு ஒன்றைக் கட்டுவார்கள், அந்தத் தகடுதான் பட்டம். 'நெற்றிப்பட்டம்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. 'பட்டம் கட்டுதல்' என்பது அன்று உண்மையிலேயே கட்டுகிற வேலை. பட்டத்து யானை, பட்டத்து இளவரசன், பட்டத்தரசி எல்லாம் அந்தத் தகட்டின் வழி வந்தவர்கள். நாளடைவில் தகடு போய்விட்டது, அதோடு வந்த பெயர் மட்டும் மிஞ்சியது.

பொருளின் பெயரே சிறப்பின் பெயராக மாறுவது இங்கே மட்டும் நடந்ததில்லை. மாதவி அரங்கேறியபோது அரசன் அவளுக்கு இலைப்பூங்கோதை என்னும் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தந்தான். அவள் 'தலைக்கோல்' எய்தினாள் என்று காப்பியம் சொல்கிறது. தலைக்கோல் என்பது மணியும் பொன்னும் இழைத்த ஒரு கோல். பிறகு சோழர் கல்வெட்டுகளில் 'தலைக்கோலி' என்று ஆடல்மகளிரின் பட்டமாகவே அது வருகிறது. சங்க காலத்து ஏனாதிப் பட்டத்தோடு ஒரு மோதிரம் வந்தது. காவிதி, எட்டி பட்டங்களோடு பொன்னால் செய்த பூ வந்தது. பொருளும் பெயருமாகச் சேர்த்தே ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன.

'பட்டம் கட்டுவது' இப்போது ஏன் வசவாகிவிட்டது?

கட்டுவது என்றால் அவிழ்க்க முடியாதபடி பிணைப்பது என்ற எண்ணம் மேலே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். 'துரோகிப் பட்டம் கட்டினார்கள்', 'பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிட்டார்கள்' என்று சொல்கிறோம். 'அவருக்குக் கவிஞர் பட்டம் கட்டினார்கள்' என்று எழுதிப் பாருங்கள், அவர் கவிஞரே இல்லை என்று நீங்கள் நினைப்பதாகத் தெரியும். நல்ல பட்டத்தைச் சூட்டுங்கள், வழங்குங்கள், அளியுங்கள். கட்டாதீர்கள்.

இதே போன்ற இன்னொரு ஜோடி முத்திரை. 'முத்திரை குத்தினார்கள்' என்றால் கெட்ட பெயர் ஒட்டிவிட்டது. 'முத்திரை பதித்தார்' என்றால் தன் துறையில் தடம் பதித்தார். அதே முத்திரைதான். அடுத்தவர் நம்மேல் குத்துகிறார், நாமே பதிக்கிறோம்.

பட்டப்பெயர் என்பது மரியாதையா, கேலியா?

இரண்டும். பழைய நூலுரைகளில், வரலாற்றுக் கட்டுரைகளில் பட்டப்பெயர் என்றால் அரசு தந்த சிறப்புப் பெயர். பள்ளிக்கூட வாசலில் பட்டப்பெயர் என்றால் நெட்டையன், சோடாபுட்டி. படிப்பவர்கள் முதலில் நினைப்பது இரண்டாவதைத்தான் என்பதால், பாராட்டு மடலில் நான் இந்தச் சொல்லை அனுமதிப்பதில்லை. 'சிறப்புப் பெயர்' என்று மாற்றிவிடுவேன். வீட்டில் அன்பாகக் கூப்பிடுவது செல்லப்பெயர், எழுத்தாளர் தானே வைத்துக்கொள்வது புனைபெயர், பெயருக்கு முன்னால் ஒட்டி வருவது அடைமொழி. பிறந்தபோது வைத்தது இயற்பெயர். இந்த ஐந்தையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பட்டம், விருது, பரிசு: எது எங்கே?

பட்டம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். விருது அலமாரியில் இருக்கும். பரிசில் பணமோ பொருளோ முக்கியம். கறாரான இலக்கணம் இல்லைதான், ஆனால் கைக்கு உதவும் கணக்கு இது.

விருதும் முன்பு இப்படி இல்லை. வெற்றிச் சின்னம், கொடி என்ற பொருளில்தான் வழங்கியது. அரசனுடைய பட்டங்களை வரிசையாக அடுக்கிச் சொல்வதற்கு 'விருதாவளி' என்று பெயர். அரசன் வரும்போது முன்னால் நின்று அதைச் சொல்கிறவன் கட்டியங்காரன், அவன் சொல்வது கட்டியம். இன்றைய மேடையில் தொகுப்பாளர் சிறப்பு விருந்தினரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறாரே, அது சுத்தமான கட்டியம்தான்.

பரிசு என்றால் சிலவற்றுக்கு மரபாகவே ஒட்டிவிட்டது. நோபல் பரிசு என்கிறோம், ஆஸ்கர் விருது என்கிறோம். மாற்றிச் சொன்னால் காதில் இடிக்கிறது. துணியில் பொன்னோ பணமோ முடிந்து தருவது பொற்கிழி. 1946-இல் பாரதிதாசனுக்குப் 'புரட்சிக்கவி' என்ற பட்டத்தோடு 25,000 ரூபாய்ப் பொற்கிழியை அண்ணா வழங்கினார். ஒரே மேடை, பட்டம் ஒன்று, கிழி ஒன்று. கிழிப் பணம் அன்றைக்கே செலவாகியிருக்கலாம், பட்டத்தை இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம்.

சன்மானம்?

இது இறங்கிவந்த சொல். வடமொழியில் மதிப்பளித்தல் என்று பொருள். தமிழில் வந்து கையில் கொடுக்கும் தொகையாகிவிட்டது. 'தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம்' என்று சுவரொட்டியில் பார்க்கிறோமே, அதில் மதிப்பு எங்கே இருக்கிறது? ஆகவே பெரியவர் ஒருவரைப் பாராட்டும் இடத்தில் இதைத் தவிர்க்கலாம். 'சிறப்புச் செய்தனர்' என்பது அழகாக இருக்கும்.

பத்ம விருது பெற்றவர் அதைப் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித் தகுதிகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரர் காலத்து சர், ராவ் பகதூர் வரிசைக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் அந்தப் பிரிவு. அப்படியானால் 1954-இல் தொடங்கிய பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் என்ன என்று வழக்கு வந்தது. அவை பட்டங்கள் அல்ல, ஆகவே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தமிழில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அவை விருது, பட்டம் அல்ல. நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டிய வேறுபாடு நம்மிடம் இரண்டு சொல்லாக ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் சுவரொட்டியில் 'பத்மஸ்ரீ' முதலில்தான் நிற்கிறது. நான் திருத்திக் கொடுத்தாலும் அச்சாகி வரும்போது மறுபடி முளைத்துவிடுகிறது. 'பத்மஸ்ரீ விருது பெற்ற' என்று எழுதினால் தடை ஒன்றும் இல்லை.

பட்டம் பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா?

முன்னால். தொல்காப்பியம் தெளிவாகவே சொல்லிவிட்டது: 'சிறப்பின் ஆகிய பெயர்நிலைக் கிளவிக்கும் இயற்பெயர்க் கிளவி முற்படக் கிளவார்.' சிறப்புப் பெயரோடு சேர்ந்து வரும்போது இயற்பெயரை முதலில் சொல்ல மாட்டார்கள் என்பது கருத்து. உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு ஏனாதி நல்லுதடன், காவிதி கண்ணந்தை. கவிமணி தேசிக விநாயகம், பாவேந்தர் பாரதிதாசன், அறிஞர் அண்ணா என்று இன்றைக்கும் வரிசை மாறவில்லை.

சோழர் காலத்து அதிகாரிகளுக்கு வேறு வழி இருந்தது. இயற்பெயரை முதலில் எழுதி, 'ஆன' என்று ஒரு பாலம் போட்டு, பட்டத்தைப் பின்னால் எழுதுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய சேனாபதி, கல்வெட்டில் 'கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன்'. கோயிலைக் கட்டிய தச்சர் 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்'. நாவிதருக்குக்கூட 'இராஜராஜப் பெருநாவிசன்' என்று பட்டம் உண்டு. அரசன் தன் பெயரையே எடுத்து ஒரு தொழிலின் முன்னால் வைத்துக் கொடுத்துவிடுகிறான். இதைவிடப் பெரிய கௌரவம் என்ன இருக்க முடியும் என்று தெரியவில்லை. அதே சமயம் கூப்பிடும்போதெல்லாம் அரசன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். கெட்டிக்கார ஏற்பாடு.

பட்டம் முன்னால் நின்று நின்று இயற்பெயரைத் தள்ளிவிடுவதும் உண்டு. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ. ராமசாமியைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானம் போட்டது. இன்றைக்கு அந்தப் பெயர் தனியாகவே நிற்கிறது. எட்டயபுரத்தில் சுப்பிரமணியனுக்கு இளம் வயதில் வந்த 'பாரதி'யும் அப்படியே.

புதிதாக ஓர் அடைமொழி ஆக்க வேண்டும். செம்மல், திலகம், மாமணி எல்லாம் அலுத்துவிட்டது. வேறு வழி?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். திலகம், சிகரம், சுடர், புயல் என்று பெயர்ச்சொல்லை ஒட்டுவது ஒரு வழி. அதில் யாருக்கு எதை ஒட்டினாலும் ஒட்டும், அதனால்தான் அலுக்கிறது. தமிழில் அதைவிட நல்ல வழி பெயரெச்சம். அவர் என்ன செய்தாரோ அதை அப்படியே பெயருக்கு முன்னால் வைப்பது.

சங்க காலப் பாண்டியர் பலருக்குச் செழியன் என்றே பெயர். எப்படிப் பிரித்தறிவது? ஒருவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், இன்னொருவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். எந்தப் பாண்டியன் என்ற சந்தேகம் வராது. சேரரில் பாலை பாடிய பெருங்கடுங்கோ. காக்கை கரைந்ததைப் பாடிய நச்செள்ளை காக்கை பாடினியார். சோழரில் மதுரை கொண்ட பராந்தகன், கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திரன். இறந்த இடத்தை வைத்துக்கூடப் பெயர் உண்டு: சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், பொன்மாளிகைத் துஞ்சின தேவர். 1054-இல் கொப்பத்துப் போரில் யானைமேலேயே உயிர்விட்ட இராசாதிராசனுக்கு 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. 'இறந்த' என்று எழுதாமல் 'துஞ்சின', அதாவது உறங்கிய, என்று எழுதிய கையைக் கும்பிட வேண்டும்.

இது பழங்கதை இல்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. கப்பலோட்டிய தமிழன். 1932-இல் கொடியைக் கையிலிருந்து விடாமல் அடிபட்டு இறந்தவர் கொடிகாத்த குமரன். இலக்கணம் பார்த்தால் 'செருவென்ற நெடுஞ்செழியன்' எப்படியோ அப்படியே. வேறு ஒருவருக்கு இவற்றை மாற்றி ஒட்ட முடியாது. ஆகவே பாராட்டப்படுகிறவர் என்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள். ஊர்க் குளத்தைத் தூர் வாரியவருக்குக் 'குளம் மீட்ட' என்று போட்டால் அவரை மட்டும்தான் குறிக்கும். 'சமூகச் சுடர்' என்று போட்டால் அடுத்த வாரம் இன்னொருவருக்கும் அதே பலகையைத் துடைத்துக் கொடுக்கலாம்.

பெயரே தெரியாத ஒருவருக்குப் பெயர் வைக்க முடியுமா?

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் வைத்திருக்கிறார்கள். பாட்டு கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் மின்னுகிற ஒரு தொடரை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சம் கலந்ததைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். ஆள் நடமாட்டம் போய் அணில் விளையாடும் வெறிச்சோடிய முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். இரண்டு பக்கம் யானைகள் இழுக்க நைந்துபோகும் பழங்கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். குப்பையில் தானாகச் சண்டையிடும் கோழியைப் பாடியவர், ஆம், குப்பைக் கோழியார். மரியாதை விகுதி 'ஆர்' விடாமல் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். குப்பைக் கோழிக்குப் பின்னாலும்.

பட்டம் வழங்கும்போது 'அவரை' வருமா, 'அவருக்கு' வருமா?

வினையைப் பாருங்கள். வழங்கு, அளி, சூட்டு, வை: இவற்றுக்கு 'அவருக்கு'. பாராட்டு, கௌரவி, சிறப்பி, அழை: இவற்றுக்கு 'அவரை'. நீண்ட வாக்கியத்தில்தான் தடுக்கி விழுவார்கள்: 'அவரைக் கலைமாமணி விருது வழங்கிக் கௌரவித்தனர்.' இதில் 'அவரை' கடைசியில் இருக்கும் கௌரவித்தலுக்கு உரியது. வழங்குதல் நடுவில் அநாதையாக நிற்கிறது. 'அவருக்குக் கலைமாமணி விருது வழங்கினர்' என்று முடித்துவிட்டால் போதும். விருது வழங்கிய பிறகு கௌரவித்ததாகத் தனியே சொல்ல வேண்டுமா என்ன?

கொடு, தா, அளி, வழங்கு: எல்லாம் ஒன்றா?

கேட்பவரின் நிலையை வைத்துத் தொல்காப்பியம் மூன்றைப் பிரித்தது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்பார், சமமானவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். இன்று அந்தக் கணக்கு பேச்சில் இல்லை. எழுத்தில் 'வழங்கு' எல்லா இடத்துக்கும் பொது, 'அளி' கொஞ்சம் விறைப்பு, 'கொடு' பேச்சுக்கு அருகில். 'ஈந்தார்' என்று எழுதினால் வாங்கியவர் பிச்சை வாங்கியதுபோல ஆகிவிடும்.

'விருது வென்றார்' சரியா?

போட்டி இருந்தால் வெல்லலாம். ஐம்பது வருடம் எழுதிய ஒருவருக்கு வாழ்நாள் விருது தருகிறார்கள், அவர் யாரை வென்றார்? 'பெற்றார்' போதும். 'தட்டிச் சென்றார்' என்பது ஓட்டப் பந்தயக் கோப்பைக்குச் சரி. மூத்த எழுத்தாளருக்கு எழுதினால் எதையோ பிடுங்கிக்கொண்டு ஓடியதுபோல இருக்கிறது. 'விருதால் கௌரவிக்கப்பட்டார்' தமிழ் வாக்கியமே அல்ல.

'என்று அழைக்கப்படுகிறார்' என்பதை மாற்ற வேண்டுமா?

செயப்பாட்டு வினையே தமிழுக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 'அறன் எனப்பட்டதே இல்வாழ்க்கை' என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் வள்ளுவர் 'எனப்பட்டதே' என்று நிறுத்திக்கொண்டார், 'என்று அழைக்கப்பட்டுக்கொண்டிருப்பதே' என்று இழுக்கவில்லை. 'பாவேந்தர் என்று அழைக்கப்படும் பாரதிதாசன்' என்பதில் நடுவிலுள்ள இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் 'பாவேந்தர் பாரதிதாசன்'. என்ன குறைந்தது? வேண்டுமானால் 'எனப்படும்', அல்லது 'என்பார்கள்'.

கௌரவ டாக்டர், மதிப்புறு முனைவர்: எது நல்லது?

எழுத்தில் 'மதிப்புறு முனைவர்' நிலைத்துவிட்டது. 'டாக்டர்' என்றால் ஊசி போடுபவரும் நினைவுக்கு வருவார், அந்தச் சிக்கல் முனைவரில் இல்லை. முனைவன் பழைய சொல்தான். முதல் நூலைக் கண்டவனைத் தொல்காப்பியம் 'முனைவன்' என்கிறது. ஆய்வு செய்து வாங்கியதா, மதிப்புக்காகத் தந்ததா என்ற வேறுபாட்டை மட்டும் மறைக்காதீர்கள். மதிப்புறு முனைவரை வெறும் முனைவர் என்று அச்சிடச் சொல்லி வருபவர்கள் உண்டு. ஒரு சொல்தானே சார் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே வந்திருக்கிறார்கள்!

பெயர் மாற்றிக்கொள்வதற்குத் தனிச் சொல் உண்டா?

இல்லை, பெயர் மாற்றம்தான். ஆனால் மாற்றுவதில் ஒரு கலை உண்டு. சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைத் துண்டு துண்டாகத் தமிழாக்கினார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். பரிதி, மால், கலைஞர் மூன்றும் புணர்ந்து, 'ல்' 'ற்' ஆகித் திரிந்து, பரிதிமாற்கலைஞர். சுவாமி வேதாசலம் அதே முறையில் மறைமலையடிகள் ஆனார்: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். அரசர்கள் முடிசூடும்போது வேறு பெயர் ஏற்பது இன்னொரு வகை; அருண்மொழி 985-இல் இராசராசன் ஆனது அப்படித்தான். மாநிலத்துக்கே நடந்ததும் உண்டு: 1967 ஜூலையில் சட்டமன்றத் தீர்மானம், 1969 ஜனவரி 14 முதல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு. அதைப் 'பெயர் மாற்றம்' என்று சொல்பவரும் உண்டு, 'பெயர் சூட்டல்' என்று சொல்பவரும் உண்டு. சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடும்.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால்?

பட்டத்தைத் 'துறந்தார்', விருதைத் 'திருப்பி அளித்தார்'. 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் தாகூர் சர் பட்டத்தைத் துறந்தார். வாங்குவதற்கு முன்பே மறுத்தால் 'ஏற்க மறுத்தார்'. பிறர் எடுத்துவிட்டால் 'பறித்தனர்'.

'பெயர்ச் சூட்டு விழா'வில் ஒற்று வேண்டுமா?

வேண்டாம். பெயர் சூட்டு விழா. பெயரைச் சூட்டுவது என்று 'ஐ' வெளியே வந்தால் ஒற்று வரும், மறைந்திருந்தால் வராது. 'பட்டப்பெயர்', 'சிறப்புப் பெயர்' இரண்டிலும் உண்டு.

பேர் எடுப்பதும் பேர் வாங்குவதும் ஒன்றா?

கிட்டத்தட்ட. 'நல்ல பேர் எடுத்தான்' என்றால் உழைத்துச் சேர்த்தது. 'கெட்ட பேர் வாங்கினான்' என்றால் தேடிப் போய் வாங்கிக்கொண்டது. 'பேர் கொடு' என்றால் பட்டியலில் பதிவு செய்வது. 'பேர் போன' என்றால் பெயர் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. 'பேருக்கு' என்றால் ஒப்புக்கு: பேருக்குத் தலைவர். பேரன்கூடப் பெயரன்தான், பாட்டன் பெயரைத் தாங்கியவன்.

கடைசியாக, ஒரு பாராட்டு மடலைத் திருத்திக் காட்ட முடியுமா?

சமீபத்தில் மேசைக்கு வந்த ஒன்று, பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்: 'கல்விச் சுடர் என்ற பட்டப்பெயரால் அழைக்கப்படும் தங்களை, கல்விச் சேவைக்கான வாழ்நாள் சாதனை விருதினைச் சூட்டி, சன்மானம் அளித்துக் கௌரவிக்கப்படுவதில் பெருமிதம் அடைகிறோம்.'

யார் யாரைக் கௌரவிக்கிறார்கள் என்று இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. அந்த ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருடம் தன் வீட்டுத் திண்ணையில் மாலைப் பள்ளி நடத்தினாராம், காசு வாங்காமல். திருத்தியது இது: 'ஓய்வுக்குப் பின்னும் பதினோரு ஆண்டுகள் திண்ணையில் பள்ளி நடத்திய தங்களுக்கு இந்த வாழ்நாள் விருதை வழங்குவதில் மகிழ்கிறோம்.' கல்விச் சுடரை எடுத்துவிட்டீர்களே என்று கேட்டார்கள். தலைப்பில் வேண்டுமானால் 'திண்ணைப் பள்ளி கண்ட ஆசிரியர்' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போட்டார்கள். கல்விச் சுடரையும் கீழே சின்ன எழுத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.